தசையாகும் அணுவும் காத்திருக்கும் அணுவும்

செம்பனைத் தோட்டத்தில் குலை அறுப்பவர், நீண்ட கழியின் நுனியில் பொருத்திய வளைந்த அரிவாளைத் தலைக்கு மேல் உயர்த்தி இழுக்கும்போது அவர் தோளிலும் முதுகிலும் புடைத்தெழுவது தசை. காண்டா வாளியைத் தோளில் ஏற்றி, மேடும் பள்ளமும் கடந்து நடந்த பால்மரத் தொழிலாளியின் கெண்டைக்காலில் இறுகி நின்றதும் அதுவே. மனித உடலின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு எலும்போடு பொருந்திய இவ்வகைத் தசைகளேயாம். இத்தசை எவ்வாறு உண்டாகிறது என்று கேட்டால், உண்பதனாலும் உழைப்பதனாலும் உண்டாகிறது என்று விடை சொல்லி அமைவது உலக வழக்கு. அவ்விடை பிழையன்று, ஆயினும் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. உண்ட உணவும் செய்த வேலையும் கண்ணுக்குப் புலனாகாத உயிரணுவுக்கு எவ்வாறு தெரிகின்றன? தெரிந்தபின் அவ்வணு என்ன செய்கிறது? முதுமையில் உணவு குறையாதபோதும் தசை ஏன் கரைகிறது? சென்ற அறுபது, எழுபது ஆண்டுகளில் இவ்வினாக்களுக்கு விடை தேடியவர்களுள், ஜொகூர் நீரிணைக்கு அக்கரையில் சிங்கப்பூரில் பணியாற்றிய ஆராய்ச்சியாளரும் உண்டு. ஐதராபாத்திலும் பாரிசிலும் உழைத்த இந்திய அறிஞரும் உண்டு.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. ‘தசைநார்’ என்னும் சொல் சில நூல்களில் தசையின் இழையையும், வேறு சில நூல்களில் தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிற நாரையும் குறிக்கக் காண்கிறோம். மாணவர் மயங்குவதற்கு இஃது ஒரு காரணம். ஆகவே ஈண்டுச் சுருங்கி நீளும் உறுப்பு ‘தசையிழை’ என்றே சொல்லப்படும். தசையிழையாக ஆகவிருக்கும் இளம் அணுவைத் ‘தசைமுகை’ என்போம். ஒரு தொழிலுக்கும் உரியதாகாத அணு, ஒரு தொழிலை ஏற்று, அதற்குரிய உருவமும் புரதங்களும் பெற்று, ஏனைய தொழில்களுக்குரிய வாய்ப்பைக் கைவிடுவது ‘வேறுபாடடைதல்’. வெளியிலிருந்து வந்த ஒரு செய்தி அணுவின் மேலுறையைத் தொட்டு, உள்ளே புரதத்துக்குப் புரதம் கைமாறி உட்கருவை அடையும் தொடர் ‘சைகைவழி’. அணு என்று வருமிடமெல்லாம் உயிரணுவையே கொள்க.

உடலிலுள்ள அணுக்கள் அனைத்தும் கருவுற்ற ஒரே முட்டையணுவின் வழித்தோன்றல்கள். ஆதலின் ஈரலணுவிலும் தோலணுவிலும் தசையிழையிலும் அடங்கியுள்ள மரபணுத் தொகுதி ஒன்றே. நூல் ஒன்று, ஒவ்வோர் அணுவும் அதில் தனக்குரிய இயல்களை மட்டும் திறந்து படிக்கிறது. எந்த இயலைத் திறப்பது என்பதை அவ்வணு நிற்கும் இடமும், அங்கே அதனை வந்தடையும் சைகைகளும் முடிவு செய்கின்றன. கருவில் முதுகெலும்பு அமையவிருக்கும் இடத்தின் இருமருங்கிலும் உடற்கண்டங்கள் என்னும் சிறு திரள்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. மனிதக் கருவில் இவை 42 முதல் 44 இணைகள். உடலுக்கும் கைகால்களுக்கும் உரிய தசைகள் இத்திரள்களிலிருந்து பிறப்பவை. முகத்துத் தசைகளின் வரலாறு வேறு. அருகிலுள்ள நரம்புக் குழலிலிருந்து ‘விண்ட்’ என்னும் புரதமும், முதுகுநாணிலிருந்து ‘சானிக் ஹெட்ஜ்ஹாக்’ என்னும் புரதமும் கசிந்து வந்து, ‘தசையின் பக்கம் திரும்பு’ என்று உடற்கண்டத்தின் அணுக்களை ஏவுகின்றன. (பின்னதன் பெயர் ஒரு கணினி விளையாட்டின் முள்ளெலியினுடையது. அறிவியலார் பெயரிடும்போது எப்போதும் இறுகிய முகத்தோடு இருப்பதில்லை.) அதே வேளையில் பக்கவாட்டிலிருந்து வேறொரு புரதம் வந்து, ‘இன்னும் பொறு’ என்று தடுக்கிறது. ஏவலும் தடையும் தொடக்கத்திலேயே இணைந்து நிற்பதைக் கருத்தில் வைக்க வேண்டும். தசையின் கதை முழுவதும் இவ்விரண்டின் இழுபறியே.

இனித் தசையிழையின் ஒரு விந்தை. உடலின் பெரும்பாலான அணுக்களில் உட்கரு ஒன்றுதான். தசையிழை ஒன்றிலோ நூற்றுக்கணக்கான உட்கருக்கள் இருக்கின்றன. ஓர் அணு தான் பிளவுபடாமல் தன் உட்கருவை மட்டும் மீண்டும் மீண்டும் பிளந்துகொண்டதா, அன்றிப் பல அணுக்கள் ஒன்றோடொன்று கலந்து ஓரிழை ஆயினவா என்பது 1950களிலும் 60களிலும் பெரும் விவாதமாக இருந்தது. பியாட்ரிஸ் மின்ட்ஸ், வில்பர் பேக்கர் என்னும் இருவர் 1967இல் எலிகளைக்கொண்டு இதனைத் தெளிவாக்கினர். இருவேறு இனத்து எலிக்கருக்களை மிக இளம்பருவத்திலேயே ஒன்றாக இணைத்து, ஒரே குட்டியாக வளரச் செய்தனர். அக்குட்டியின் உடலில் இரண்டு இனத்து அணுக்களும் விரவியிருக்கும். ஒரு நொதியை அவர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்டனர். அந்நொதி இரண்டு துண்டுகள் சேர்ந்து அமைவது. இரண்டு இனங்களிலும் அத்துண்டு சிறிது வேறுபட்டது. ஒவ்வோர் அணுவும் தனித்தனியே நின்றால் கலப்பு நொதி தோன்ற வழியில்லை. ஏனைய உறுப்புகளில் அது தோன்றவுமில்லை. தசையில் மட்டும், ஓர் இனத்துத் துண்டும் மற்றோர் இனத்துத் துண்டும் பொருந்திய கலப்பு நொதி காணப்பட்டது. இரண்டு இனத்து உட்கருக்களும் ஒரே இழைக்குள் வாழ்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. தசைமுகைகள் கலந்தே தசையிழை ஆகின்றன. இக்கலப்பைச் செய்யும் ‘மையோமேக்கர்’ என்னும் மேலுறைப் புரதம் 2013இல் அறியப்பட்டது. அதற்குத் துணை நிற்கும் மற்றொரு புரதம் 2017இல் அறியப்பட்டது.

இதனால் விளைவது என்னவெனின், கலந்துவிட்ட அணுவின் உட்கரு பின்னர் ஒருபோதும் பிளவுபட்டுப் பெருகுவதில்லை. உலையில் இட்ட நெல் மீண்டும் முளைக்காதது போன்றது இது. தசைமுகைகள் அனைத்தும் ஒரே வேளையில் தசையிழை ஆகிவிட்டால், இழை அறுந்துபோகும்போது ஈடுசெய்ய ஓர் அணுவும் மிஞ்சாது. உடலும் ஒரு பகுதியை விதைநெல்லாகக் கட்டிவைக்க வேண்டியிருக்கிறது. எதனை உலையில் இடுவது, எதனைக் கட்டிவைப்பது என்று ஒவ்வொரு நாளும் முடிவு செய்வனவே சைகைவழிகள்.

தசையாக்கும் மரபணு ஒன்று உண்டென்பது 1987இல் வெளிப்பட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ராபர்ட் டேவிஸ், ஹெரால்ட் வைன்ட்ராப், ஆண்ட்ரூ லாசர் ஆகிய மூவரும், எலிக்கருவிலிருந்து பெறப்பட்டுக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்கப்பட்டுவந்த இணைப்புத்திசு அணுக்களை ஆராய்ந்தனர். 5-அசாசைட்டிடின் என்னும் மருந்தை இட்டால் அவற்றுட் பல தசையாக மாறுகின்றன என்பது 1979இலேயே தெரிந்திருந்தது. அம்மாற்றத்தின்போது எந்த மரபணு விழித்துக்கொள்கிறது என்று அவர்கள் தேடினர். தசைமுகையில் ஓதப்பட்டு, இணைப்புத்திசுவில் ஓதப்படாத மரபணுக்களைச் சலித்தெடுத்து, ஒவ்வொன்றாக இணைப்புத்திசு அணுவுக்குள் செலுத்தினர். அவற்றுள் ஒன்று, தனியொன்றாகவே அவ்வணுவைத் தசையாக்கிவிட்டது. அதற்கு ‘மையோ-டி’ என்று பெயரிட்டனர். இரண்டாண்டுகளுக்குள் நிறமியணு, நரம்பணு, கொழுப்பணு, ஈரலணு ஆகியவற்றின் வளர்ப்புகளிலும் தசைக்குரிய மரபணுக்களை மையோ-டி எழுப்பக்கூடும் என்பதும் காட்டப்பட்டது. மையோ-டிக்கு உடன்பிறப்புகள் மூன்று: ‘மிஃப்-5’, ‘மையோஜெனின்’, ‘எம்.ஆர்.எஃப்.-4’. முதலிரண்டான மையோ-டியும் மிஃப்-5உம் ‘நீ தசைக்குலத்தது’ என்று முடிவுசெய்பவை. மையோஜெனின் அம்முடிவை நிறைவேற்றுவது. மையோஜெனின் இல்லாமல் பிறந்த எலிக்குட்டிகளில் தசைமுகைகள் இருந்தன. தசையிழைகளோ பெரும்பாலும் இல்லை. அக்குட்டிகள் பிறந்தவுடன் இறந்தன.

அப்படியாயின் மையோ-டி இருந்தால் தசை, இல்லையேல் இல்லை என்று எளிதில் முடித்துவிடலாமே எனின், அதுதான் இல்லை. பெருகிக்கொண்டிருக்கும் தசைமுகையில் மையோ-டி ஏற்கெனவே இருக்கிறது. இருந்தும் அது தசையாவதில்லை. ஏன்?

விடையை ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டிலேயே காணலாம். இசுரேலில் டேவிட் யாஃபே, ஓரா சாக்சல் இருவரும் 1977இல் எலியின் தொடைத்தசையிலிருந்து ஓர் அணுவழியைப் பிரித்தெடுத்தனர். அதன் கிளையே இன்று உலகெங்கும் தசை ஆராய்ச்சிக்குப் பயன்படும் ‘சி-2 சி-12’. இவ்வணுக்களுக்குக் கன்றின் கருவிலிருந்து எடுத்த இரத்தச் சீரத்தைத் தாராளமாகக் கலந்த நீர்மம் ஊட்டினால் அவை ஓயாமல் பெருகுகின்றன, தசையாக மாட்டா. அந்நீர்மத்தை வடித்துவிட்டு, 2 விழுக்காடு குதிரைச் சீரம் மட்டும் கலந்ததை ஊற்றினால் பெருக்கம் நிற்கிறது. அணுக்கள் நீண்டு, ஒன்றன் அருகில் ஒன்று படுத்து, ஐந்தாறு நாட்களில் கலந்து, பல உட்கருக்களையுடைய குழல்களாகின்றன. சில குழல்கள் தட்டிலேயே துடிக்கவும் செய்கின்றன. ஊட்டம் மிகுந்தால் தசை உண்டாகும் என்று நாம் நினைக்க, ஊட்டம் குறைந்தபோதே தசை உண்டாகிறது! ஆனால் இங்கே குறைந்தது சோறன்று, செய்தி என்பதை நுணுகி நோக்க வேண்டும். சீரத்திலுள்ள வளர்ச்சிக் காரணிகளே ‘பெருகு’ என்னும் செய்தியைத் தாங்கியவை. அச்செய்தி ஓய்ந்ததும், உள்ளே கட்டுண்டு கிடந்த மையோ-டி விடுபடுகிறது.

கட்டு எவ்வாறு போடப்படுகிறது? எஃப்.ஜி.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணி தசைமுகையின் மேலுறையிலுள்ள தன் ஏற்பியைத் தொடுகிறது. ஏற்பி உள்ளே ‘ராஸ்’ என்னும் புரதத்தை எழுப்ப, ராஸ் அடுத்ததை எழுப்ப, ஒவ்வொன்றும் தன் அடுத்ததன்மேல் பாஸ்பேட்டுக் கூறு ஒன்றை ஒட்டி ஏவ, முடிவில் ‘எர்க்’ என்னும் புரதம் உட்கருவை அடைகிறது. அங்கே அணுப்பிளவுக்குரிய இயந்திரம் முடுக்கப்படுகிறது. அவ்வியந்திரத்தின் உறுப்புகளே மையோ-டியைப் பற்றிக்கொண்டு, அதன் வேலையைச் செய்யவொட்டாமல் தடுக்கின்றன. தடை இஃதொன்றே அன்று. மையோ-டி தனித்து இயங்காது. அதற்கு ஒரு துணைப்புரதம் வேண்டும். 1990இல் அறியப்பட்ட ‘ஐ.டி.’ என்னும் புரதம் அத்துணையைக் கவர்ந்து வைத்துக்கொள்கிறது. எழுவாய் இருந்தும் பயனிலை கிட்டாத வாக்கியம் போல் மையோ-டி நின்றுவிடுகிறது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் ரேஷ்மா தனேஜாவின் குழுவினர் 2012இல் மற்றொரு பூட்டையும் காட்டினர். ‘ஜி-9-ஏ’ என்னும் நொதி மையோ-டியின்மேலேயே ஒரு மெத்தில் கூறை ஒட்டி அதனை அடக்கிவைக்கிறது. ஒரே கதவுக்கு இத்தனை தாழ்கள்!

சீரம் குறைந்து எர்க்வழி அடங்கும்போது அணுப்பிளவைத் தடுக்கும் ‘பி-21’ மிகுகிறது; அணு பெருக்கச் சுற்றிலிருந்து வெளியேறுகிறது. ‘பி-38’ என்னும் மற்றொரு சைகைவழி இப்போது விழிக்கிறது. அது மையோ-டியின் துணைப்புரதத்தின்மேலும், ‘மெஃப்-2’ என்னும் உதவிப்புரதத்தின்மேலும் பாஸ்பேட்டை ஒட்டி, அவை மையோ-டியோடு சேர்ந்து தசைக்குரிய மரபணுக்களைத் திறக்கச் செய்கிறது. பி-38ஐ மருந்தால் முடக்கினால், சீரத்தைக் குறைத்தாலும் தசைமுகைகள் கலப்பதில்லை. எனவே தடை நீங்கினால் மட்டும் போதாது, ஏவலும் வேண்டும். இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணியின் செயல் இன்னும் வியப்புக்குரியது. அது தொடக்கத்தில் எர்க்வழியாகப் பெருக்கத்தையும், பின்னர் ‘ஆக்ட்’ என்னும் வேறு வழியாக வேறுபாடடைதலையும் தூண்டுகிறது. முடிந்த தசையிழையில் அதே ஆக்ட்வழி புரத ஆக்கத்தைப் பெருக்கி இழையைப் பருக்கச் செய்கிறது. செய்தி ஒன்றாயினும் கேட்பவர் நிலைக்கேற்பப் பொருள் வேறாகிறது. ‘இந்த ஆர்மோன் தசையை வளர்க்கும்’ என்று ஒரே வரியில் எழுதிவிடும் விளம்பரங்கள் இவ்விடத்தில்தான் தவறுகின்றன.

இவ்வளவும் தட்டில் கண்டவை. உடலுக்குள் தடையின் ஆற்றலை உலகுக்கு உணர்த்தியது மாடுகளின் வழியாக. பெல்ஜியத்தில் ‘பெல்ஜியன் புளூ’ என்றும், இத்தாலியில் ‘பியத்மோந்தேசே’ என்றும் இரு மாட்டினங்கள் உண்டு. தொடையும் தோளும் இரட்டித்தாற்போல் பருத்த உடல் இவற்றுக்கு. தோட்டக் குடியிருப்புகளில் வீட்டுக்குப் பின்னால் கொட்டில் கட்டி மாடு வளர்த்தவர்கள், இவற்றின் படத்தைப் பார்த்தால் மாடுதானா என்று ஐயுறுவர். பெல்ஜியன் புளூ இனத்தில் கன்று பெருத்துவிடுவதால் பசு இயல்பாக ஈனுவது அரிது. பெரும்பாலும் வயிற்றைக் கீறியே கன்றை எடுக்கிறார்கள். இப்பெருக்கத்தின் காரணம் 1997இல் வெளிவந்தது. அவ்வாண்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்ட்ரா மெக்பெரான், சே-ஜின் லீ ஆகியோர், தசையிழைகள் தாமே சுரக்கும் ஒரு புரதத்தின் மரபணுவை எலியில் நீக்கினர். எலியின் தசைகள் இரண்டு, மூன்று மடங்கு பருத்தன. தசையை நிறுத்தும் அப்புரதமே ‘மையோஸ்டாட்டின்’.

அதே ஆண்டில் மூன்று குழுவினர் அம்மாடுகளில் மையோஸ்டாட்டின் மரபணு பழுதுற்றிருப்பதைக் கண்டனர். அவற்றுள் ஒரு குழு, நியூசிலாந்தில் ஆமில்டன் நகரை அடுத்த ருவாக்குரா ஆய்வு நிலையத்தில் இருந்த ரவி கம்படூர், மிருதுளா சர்மா முதலியோரது. பெல்ஜியன் புளூவில் அம்மரபணுவின் 11 எழுத்துகள் விடுபட்டிருந்தன. பியத்மோந்தேசேயில் விடுபட்டது ஒன்றுமில்லை. ஓரெழுத்து மட்டும் மாறி, புரதத்தில் சிஸ்டைன் இருக்க வேண்டிய இடத்தில் டைரோசின் அமர்ந்திருந்தது. ஓரெழுத்துப் பிழையால் சொல் பொருளிழப்பதை நாடோறும் விடைத்தாளில் காணும் ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. ஈண்டுப் பிழையின் விளைவு ஒரு மாட்டினத்தின் உருவமே.

கம்படூர் குழுவினர் அங்கேயே நிற்கவில்லை. மையோஸ்டாட்டின் தசைமுகையை எவ்வாறு தடுக்கிறது என்று தொடர்ந்து தேடினர். 2000இல் அவர்கள் கண்டது: மையோஸ்டாட்டின் பி-21ஐ மிகுவித்துத் தசைமுகையின் பெருக்கத்தை நிறுத்துகிறது. முன்னே சொன்னபடி, பெருக்கம் நின்றால் அணு தசையாக வேண்டுமன்றோ? ஆனால் 2002இல் அவர்கள் காட்டியது வேறு. மையோஸ்டாட்டின் ‘ஸ்மாட்-3’ என்னும் தூதுப்புரதத்தின் வழியாக மையோ-டியின் அளவையே குறைத்து, வேறுபாடடைதலையும் தடுக்கிறது. பெருகவும் விடாது, தசையாகவும் விடாது. நின்ற இடத்திலேயே நிற்கவைப்பது அதன் வேலை. தசையில் உறங்கிக் கிடக்கும் சேம அணுக்களை எழாமல் அடக்குவதும் மையோஸ்டாட்டினே என்று 2003இல் அவர்கள் எழுதினர். மையோஸ்டாட்டின் இல்லாத எலிகள் முதுமையிலும் ஏனைய எலிகளைவிடத் தசையைக் குறைவாகவே இழக்கின்றன என்பது 2006ஆம் ஆண்டின் முடிபு. கம்படூர் பின்னர்ச் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். புற்றுநோய்க் கட்டியின் அணுக்களும் மையோஸ்டாட்டினைச் சுரந்து தசையைக் கரைக்கக்கூடும் என்பதை அங்கிருந்த அவர் குழுவினர் 2012இல் எலிகளைக்கொண்டு காட்டினர். புற்றுநோயாளியின் உடல் உணவு உண்டும் உருகுவதைக் கண்டு மனம் நொந்த குடும்பங்கள் பல. ‘இன்னும் கொஞ்சம் சாப்பிடு’ என்று வற்புறுத்துவதால் மட்டும் அவ்வுருகல் ஏன் நிற்பதில்லை என்பதற்கு இத்தகைய ஆராய்ச்சிகளே விடை தருகின்றன.

மேலே ‘சேம அணுக்கள்’ என்று கூறினோம். அவையே நாம் குறிப்பிட்ட விதைநெல். 1961இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் மௌரோ, தவளையின் தசையை மின்னணு நுண்ணோக்கியில் நோக்கியபோது, தசையிழையின் மேலுறைக்கும் அதனைப் போர்த்திய மென்படலத்துக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்த சிறு அணுக்களைக் கண்டார். கோளைச் சுற்றும் துணைக்கோள் போல் இழையின் ஓரத்தில் இருந்தமையால் அவற்றைத் துணைக்கோளணுக்கள் என்று ஆங்கிலத்தில் அழைத்தார். ‘பாக்ஸ்-7’ என்னும் புரதம் அவற்றின் அடையாளம் என்பது 2000இல் தெரியவந்தது. இவ்வணுக்கள் இல்லாமல் தசை தன்னைச் சீர்செய்துகொள்ள முடியுமா என்ற ஐயம் நெடுநாள் நீடித்தது. பாரிஸ் பாஸ்டர் ஆய்வகத்தில் ராம்குமார் சாம்பசிவன் முதலியோர், வளர்ந்த எலிகளில் பாக்ஸ்-7 உடைய அணுக்களை மட்டும் அழித்துவிட்டுத் தசைக்குக் காயம் உண்டாக்கினர். காயம் ஆறிய இடத்தில் தசை முளைக்கவில்லை. 2011இல் வெளியான இம்முடிபுக்குப் பின் அவ்வையத்துக்கு இடமில்லை.

அடுத்த ஆண்டில் அதே ஆய்வகத்திலிருந்து வந்த முடிபு இன்னும் ஆழமானது. சேம அணுவை உறக்கத்தில் வைத்திருப்பது ‘நாட்ச்’ என்னும் சைகைவழி. ஏனைய பல செய்திகள் இரத்தத்திலும் திசுநீரிலும் மிதந்து வருவன. நாட்ச் அப்படியன்று. அது பக்கத்து அணு நேரே தொட்டுச் சொல்லும் செய்தி. அண்டை அணுவின் மேலுறையிலுள்ள ‘டெல்ட்டா’ போன்ற ஒரு புரதம் இவ்வணுவின் நாட்ச் ஏற்பியைத் தொட, ஏற்பியின் உட்பகுதி அறுந்து நேராக உட்கருவுக்குச் சென்று, தசையாவதைத் தடுக்கும் மரபணுக்களை எழுப்புகிறது. இவ்வழியை எலியின் சேம அணுக்களில் துண்டித்தபோது நடந்தது என்ன? காயமே இல்லாமல் அவை உறக்கம் கலைந்தன. பலவும் பெருகாமலேயே தசையாகிக் கலந்துவிட்டன. சேமம் வற்றியது. தசையாகு என்று எவரும் ஏவாதபோதும், காத்திரு என்னும் சொல் நின்றவுடன் அவை தசையாகிவிட்டன. காத்திருத்தல் சும்மா இருத்தலன்று, ஒவ்வொரு கணமும் சைகையால் காக்கப்படும் நிலை என்பது இதனால் பெறப்படும்.

இவ்வுறக்கத்தை ஆராய்வதில் ஒரு தொல்லை உண்டு. சேம அணுவைத் தசையிலிருந்து பிரித்த மாத்திரத்தில் அது விழித்துக்கொள்ளும். தூங்குபவரைத் தட்டி எழுப்பித் தூக்கத்தைப் பற்றிக் கேட்பது போலாகும். ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் ஜோத்ஸ்னா தவன் குழுவினர் இதற்கு ஒரு மாற்று வழியைப் பெரிதும் பயன்படுத்தினர். தசைமுகைகளைப் பசை போன்ற கெட்டியான நீர்மத்தில் எங்கும் ஒட்டாமல் மிதக்கவிட்டால் அவை பெருக்கத்தை நிறுத்தி, மையோ-டியையும் அடக்கிக்கொண்டு, உறங்குவதை ஒத்த நிலையை அடைகின்றன. தட்டில் மீண்டும் ஒட்டவிட்டால் எழுந்து பெருகுகின்றன. கால் ஊன்ற இடம் உண்டா இல்லையா என்பதும் அணுவுக்கு ஒரு சைகையே என்பது இம்முறையால் விளங்குகிறது.

முதுமையில் தசை கரைவதற்குச் சேம அணுக்கள் தீர்ந்துபோவதுதான் காரணமா? 2005இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஐரினா கான்பாய், தாமஸ் ராண்டோ முதலியோர் ஒரு முதிய எலியையும் ஓர் இளைய எலியையும் உடலோடு உடல் தைத்து, இரத்த ஓட்டம் பொதுவாகும்படி செய்தனர். முதிய எலியின் காயமுற்ற தசையில், அதற்கே உரிய சேம அணுக்கள் இளமையிற் போல் எழுந்து வேலை செய்தன. குறைந்திருந்த நாட்ச் சைகையும் மீண்டது. அணுக்கள் இருக்கின்றன, அவற்றை எட்டும் செய்திகள்தாம் மாறிவிட்டன என்பது அச்சோதனையின் கருத்து. ‘இளைஞர் இரத்தம் ஏற்றினால் முதுமை போகும்’ என்று இதனைத் திரித்து வாணிகம் செய்தோரும் உண்டு. எலியில் கண்டது அத்துணைக்கு இடங்கொடுப்பதன்று.

வாணிகத்தை விட்டு மருத்துவத்துக்கு வருவோம். ‘டிஷென்’ தசைச்சிதைவு நோய் 3,500 முதல் 5,000 ஆண்குழந்தைகளுக்கு ஒருவரைத் தாக்குவது. ஓடியாடிய சிறுவன் படி ஏறத் திணறி, தரையிலிருந்து எழுந்திருக்கத் தன் தொடையிலேயே கையை ஊன்றி, பன்னிரண்டு வயதளவில் சக்கர நாற்காலியை அடைகிறான். வகுப்பில் இத்தகைய சிறுவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளும் தவறு எங்கும் நிகழக்கூடியது. ஆசிரியர் அறிந்து வைத்திருக்க வேண்டிய அறிகுறி இது. டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம் இல்லாமையால் அவன் தசையிழைகள் ஓயாமல் கிழிகின்றன. சேம அணுக்கள் ஓயாமல் அழைக்கப்படுகின்றன. அச்சேம அணுக்களுக்கும் டிஸ்ட்ரோஃபின் தேவை என்று 2015இல் கனடாவில் மைக்கேல் ருட்னிக்கி குழுவினர் காட்டினர். ஒரு சேம அணு பிளவுபடும்போது ஒரு பாதி தசைமுகையாகவும், மறுபாதி சேமமாகவும் பிரிவது முறை. டிஸ்ட்ரோஃபின் இன்றேல் அப்பங்கீடு குழம்புகிறது.

மையோஸ்டாட்டினைத் தடுத்தால் இந்நோயாளிகளின் தசை பெருகாதா என்ற நம்பிக்கை எழுந்தது இயல்பே. பெர்லினில், மையோஸ்டாட்டின் மரபணு இரண்டும் பழுதுற்றுப் பிறந்த ஒரு குழந்தை, நான்கரை வயதில் கைக்கு 3 கிலோ எடையை நீட்டிய கையில் தாங்கியது என்று 2004இல் வெளியான செய்தி அந்நம்பிக்கையை வளர்த்தது. ஆயின் தசைச்சிதைவுற்ற பெரியவர்களுக்கு மையோஸ்டாட்டினைத் தடுக்கும் மருந்து கொடுத்துச் செய்த சோதனையில், மருந்தால் தீங்கில்லை, வலிமையும் கூடவில்லை என்று 2008இல் அறிவிக்கப்பட்டது. டிஷென் நோயுற்ற சிறுவர்களுக்கு வேறொரு நிறுவனம் செய்த சோதனை 2018இல் பயனின்றி நிறுத்தப்பட்டது. மாட்டில் பிறவி முதல் இல்லாத தடைக்கும், நோயால் நைந்த தசையில் பின்னர் நீக்கும் தடைக்கும் வேறுபாடு பெரிது. கிழியும் இழையைப் பருக்கச் செய்வதால் கிழிதல் நிற்பதில்லை. இன்று மருத்துவர் பலர் டிஸ்ட்ரோஃபின் குறையையே சீர்செய்யும் வழிகளிற் கருத்தூன்றியிருப்பதற்கு இத்தோல்விகளும் ஒரு காரணம்.

நோயற்ற முதியோர் நிலை அத்துணைக் கடினமன்று. தசை இழுபடும்போது அதைச் சூழ்ந்த வலையில் கட்டுண்டிருக்கும் ஒரு வளர்ச்சிக் காரணி விடுபட்டுச் சேம அணுவைத் தட்டியெழுப்புகிறது. பளு தாங்கும் இழைக்குள் புரத ஆக்கம் மிகுகிறது. உழைப்பு என்பது அணுவின் காதில் விழுவது இவ்வழிகளில்தான். 1990இல் மரியா ஃபியடரோன் முதலியோர் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், 90 வயதையொட்டிய பத்துப் பேருக்குக் காலால் பளு தூக்கும் பயிற்சியை எட்டு வாரம் அளித்தனர். ஒன்பது பேர் அதனை முடித்தனர். அவர்களது கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. அதில் பெரும்பங்கு, நரம்புகள் தசையை மீண்டும் நன்கு ஏவக் கற்றுக்கொண்டதால் வந்தது. எனினும் தொடை நடுவின் தசைப்பரப்பும் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடியிருந்தது. ஓரடியை மற்றோரடிக்கு நேர்முன்னே வைத்து நடக்கும் விரைவு 48 விழுக்காடு உயர்ந்தது.